நூத்தி இருபத்தெட்டும் ஒரு தங்கக் காதும்

கடைத்தெருவிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சந்தில், மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்க்கும் கடை ஒன்று. அதன் வாசலை ஒட்டி மூன்றரை அடி நீளத்தில் ஒரு கண்ணாடி மேசை. மேசை மேல் ஒரு கணினி, பின்னால் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் நூத்தி இருபத்தெட்டு. அது வயதல்ல. எடையும் அல்ல, சந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எடையாக இருக்குமோ என்று ஒரு கணம் யோசிப்பதும், உடனே நாக்கைக் கடித்துக்கொள்வதும் உண்டு. அது பட்டப்பெயர். வைத்தவன் அவளுடைய கொழுந்தன். நேரில் சந்துக்காரர்கள் எல்லோரும் அண்ணி என்பார்கள். அதுவும் அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சந்து முழுக்கத் தொற்றிக்கொண்டதுதான். ஆக, பெயர் வைக்கும் உரிமை முழுவதும் கொழுந்தனிடம் இருந்தது. பெயருக்கு உரியவளிடம் இருந்தது முக்காலி மட்டும்.

அண்ணியின் தொழில் பாட்டு ஏற்றுவது. இந்தக் காலத்தில் யார் பாட்டு ஏற்றிக்கொள்கிறார்கள், எல்லாம்தான் போனில் தானாக வந்து கொட்டுகிறதே என்று கேட்பவர்கள் லாரி ஓட்டிப் பார்க்காதவர்கள். சிக்னல் எட்டாத சாலையில் ஒன்பது மணி நேரம் தனியாகப் போகிறவருக்கு வண்டியிலிருக்கும் பாட்டுப் பெட்டியில் ஒரு மெமரி கார்டு இருந்தே ஆக வேண்டும். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், உள்ளேயிருந்து வரும் சத்தத்தை மறைக்க ஏதாவது பாடியே ஆக வேண்டும். நடக்கப் போகும்போதாவது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று வைத்தியர் அதட்டியவர்கள், சட்டையில் குத்திக்கொள்ளும் தீப்பெட்டி அளவுப் பெட்டியோடு வருவார்கள். எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அந்த மூன்றரை அடிக்கு முன்னால்தான்.

கார்டில் பாட்டைப் போட யாராலும் முடியும். போட்டதைப் பெட்டி பாட வேண்டுமே, அங்கேதான் விஷயம். பெட்டிகள் ஒவ்வொன்றும் சம்பந்தி வீட்டு மனுஷர் மாதிரி. எதில் குற்றம் கண்டுபிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றுக்குப் பாட்டோடு அட்டைப்படம் ஒட்டியிருந்தால் ஆகாது. படத்தைப் பார்த்த கணமே மூர்ச்சை போட்டுவிடும். இன்னொன்று தொண்ணூற்று ஒன்பது வரைக்கும் எண்ணும், நூறாவது பாட்டு உலகத்திலேயே கிடையாது என்று சாதிக்கும். இன்னொன்று பெயர் வரிசையை மதிக்காது. எது முதலில் கார்டில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கு மரியாதை கொடுப்பது மாதிரி. பெரிய கார்டைச் செருகினால் கார்டே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு.

இதையெல்லாம் அண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கம்பெனி, மாடல் எண் எதுவும் அதில் கிடையாது. "பல் டாக்டர், கறுப்புப் பெட்டி: படம் காட்டினால் செத்துவிடும்." "தண்ணி லாரி, மீசை: ஏத்தின வரிசையில் பாடும். சோகப் பாட்டை முதலில் ஏத்தாதே." "மாடி வீட்டு வக்கீல், சட்டையில் குத்துவது: மாறும் ரேட் கொடுத்தால் நாலு நிமிஷப் பாட்டைப் பத்தொன்பது நிமிஷம் என்று காட்டும். வக்கீலும் அப்படித்தான்."

இந்த நோட்டின் சாரம்தான் நூற்று இருபத்தெட்டு. ஒரு நொடிப் பாட்டுக்குக் கார்டில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதற்கு ஓர் அளவு உண்டு. தாராளமாக ஒதுக்கினால் சத்தம் நயமாக இருக்கும், பாட்டு பருத்துவிடும். ரொம்பக் குறைத்தால் தகரத்தில் கல் போட்டது மாதிரி இருக்கும். மாறும் ரேட் என்றும் ஒன்று உண்டு. அமைதியான இடத்துக்குக் கொஞ்சம், ஆர்ப்பாட்டமான இடத்துக்கு நிறைய என்று பாட்டின் போக்கைப் பார்த்து இடம் கொடுப்பது. புத்திசாலித்தனமான ஏற்பாடு, அதனால்தான் பாதிப் பெட்டிகளுக்குப் புரிவதில்லை. நூற்று இருபத்தெட்டு, அதுவும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராக என்றால் மறுத்த பெட்டியை அண்ணி பார்த்ததில்லை. புதுசு, பழசு, கீழே விழுந்தது, மழையில் நனைந்தது எல்லாம் பாடும். எனவே யார் வந்தாலும், எந்தப் பாட்டைக் கேட்டாலும், நூற்று இருபத்தெட்டு.

கொழுந்தனுக்கு இது பொறுக்காது. அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பவனுக்குப் பெருமையெல்லாம் தன் காதைப் பற்றி. வீட்டின் மாடி அறையில் நாற்பது சிடி, துடைப்பதற்குத் தனித் துணி, தலையில் மாட்டிக்கொண்டால் ஆளே பாதியாகத் தெரிகிற ஹெட்போன். பாட்டு கேட்கும்போது அவனைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஒரு கையை மட்டும் மெதுவாகத் தூக்குவான், ஆபரேஷன் நடுவில் டாக்டர் மாதிரி. நூற்று இருபத்தெட்டில் பாட்டுக் கேட்பது சாப்பாட்டை போட்டோவில் பார்ப்பது மாதிரி என்பான். தாளத்தின் வால் நறுக்கப்பட்டுவிடுகிறது என்பான். இவனுக்கு மட்டும் கேட்கிற அந்த வாலை மற்றவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார்கள். தங்கக் காது என்ற பட்டத்தை அவனுக்கு அண்ணி வைத்தாள். கணக்கு நேர்.

அவனுக்கு ஓர் ஆசை. அந்த மூன்றரை அடியில் நல்ல ஹெட்போன்களை அடுக்கி, வருகிறவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்து விற்க வேண்டும். கடை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மேசை இருக்குமிடம்தான் கடையிலேயே ஆள் கண்ணில் படுகிற இடம். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு இதில் வந்து நின்றது. இந்த ஓட்டைப் பெட்டிகளுக்குப் பாட்டு ஏற்றுவதை உள்ளே மிக்சிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தாலும் ஏறும்தானே என்று அவன் நயமாகத்தான் கேட்டான். உள்ளே மிக்சி ஓடும்போது பெட்டி பாடுகிறதா இல்லையா என்று தன் காதில் எப்படி விழும் என்று அண்ணி கேட்டாள். அதற்கு அவன், உங்கள் பாட்டுக்கும் மிக்சிக்கும் அப்படி ஒன்றும் வித்தியாசம் தெரியாது அண்ணி என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். யாராவது ஒருநாள் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசை மேல் எறியத்தான் போகிறார்கள் என்றும் சேர்த்துவிட்டான்.

அண்ணி கையை அலம்பிவிட்டு வந்து சொன்னாள்: "பதினோரு வருஷமா நான் கொடுத்த ஒரு கார்டு திரும்பி வந்ததில்ல தம்பி. என்னிக்கு ஒண்ணு திரும்பி வருதோ, அன்னிக்கு நானா எழுந்திருக்கிறேன். நீங்க உக்காந்துக்கங்க."

சாட்சியாக இருந்தவர் அவளுடைய கணவர். அவர் வாயில் சோறு இருந்தது. "ம்" என்றார். அவர் அகராதியில் அது நீளமான வாக்கியம்.

இது நடந்து ஒரு மாதத்தில் உடற்பயிற்சி டீச்சர் வந்தார். பழைய கார்டு செத்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்றார். டீச்சர் பக்கத்துத் தெருப் பொதுக்கூடத்தில் காலை வகுப்பு நடத்துகிறவர். முப்பத்து நாலு பேர் வருகிறார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த வட்டாரத்திலேயே அவர் வகுப்புக்குத் தனிப் பெயர்: ஒரு மணி நேரம் ஆடினாலும் மூச்சு வாங்காது. அது தானே கண்டுபிடித்த சுவாச முறை என்று டீச்சர் நம்பினார். வகுப்பில் எல்லோரும் நம்பினார்கள். கூடத்தின் சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய சாம்பல் நிறப் பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதில்தான் கார்டைச் செருக வேண்டும். முதல் கார்டை ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணி செய்து கொடுத்தாள். கடையில் கிடந்த படங்களின் டிவிடியிலிருந்து பாட்டுகளைப் பிரித்து, நூற்று இருபத்தெட்டில், ஒரே சீராக. பிறகு கார்டு கெட்டபோதெல்லாம் அதே பாட்டுகளைத்தான் வேறு கார்டில் ஏற்றிக் கொடுத்தாள். அன்று முதல் ஒரு புகார் கிடையாது.

அதே கோப்புகள் கணினியில் இருந்தன. இரண்டு நிமிஷத்தில் ஏற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷத்து வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் நல்லதாகச் செய்வோமே என்று அண்ணிக்குத் தோன்றியது. அதே பாட்டுகளின் அசல் சிடி கொழுந்தனிடம் இருந்தது. கேட்டதும் அவன் குழந்தையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிற முகத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். முந்நூற்று இருபதுக்குக் குறைத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னான். அண்ணி இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு, நூற்று இருபத்தெட்டில் மாற்றி, புதுக் கார்டில் ஏற்றிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, டீச்சர் கார்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். கொழுந்தன் கடையில்தான் இருந்தான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாட்டெல்லாம் ஓடுது."

"ஓடணும்ல டீச்சர், அதுக்குத்தானே கொடுத்தேன்."

"இல்லக்கா. ஓடுது. துரத்துற மாதிரி. எங்களால பின்னாடி போக முடியல."

முதல்நாள் தனக்குத்தான் வயசாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்களாம். இரண்டாம் நாள் எல்லோருக்கும் ஒரே நாளில் வயசானதில் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் பாதிப் பாட்டில் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா ஒருவர், டீச்சர் நம்மைக் கொல்லப் பார்க்கிறார் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாராம். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் மேசைப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கொழுந்தன் இன்ச் டேப்பை இழுத்து மேசையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தான்.

மூன்றரை அடி இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை வரை டைம் கொடுங்கள், என்ன என்று பார்க்கிறேன் என்று அண்ணி சொன்னாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, திரும்பி வந்தால் வந்ததுதான் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவனுக்கு ஒரு தாராளம் வரும். ஞாயிறு வரைக்கும் தாராளமாக உட்காருங்கள் அண்ணி என்றான். அது அவளுக்கு டேப்பை விட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் வகுப்பு கலைந்ததும் அண்ணி கூடத்துக்குப் போனாள். கையில் புதுக் கார்டு, கணினியிலிருந்த பழைய கோப்புகளை ஏற்றிய இன்னொரு கார்டு, ஒரு கைக்கடிகாரம். இரண்டிலும் முதல் பாட்டு ஒன்றுதான். இரண்டுமே கணினியில் நாலு நிமிஷம் முப்பத்தாறு நொடி என்று காட்டியவை. புதுக் கார்டைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு முப்பத்தாறில் முடிந்தது. பழைய கோப்புகளின் கார்டைச் செருகினாள். நாலு முப்பத்தாறு ஆயிற்று, பாடகி இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். சரியாக ஐந்து நிமிஷத்தில்தான் வாயை மூடினாள்.

அண்ணி அப்படியே ஓரத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டை மாற்றும்போது நூற்று இருபத்தெட்டு என்று போடும் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு. ஒரு நொடிச் சத்தத்தை எத்தனை துண்டாக நறுக்கி எழுதி வைப்பது என்று கேட்கும். அண்ணி அதைத் தொட்டதே இல்லை. மூலத்தில் உள்ளபடி என்று இருந்ததை அப்படியே விட்டிருந்தாள். மேல் கட்டத்தைப் பதினோரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவள், கீழ்க் கட்டத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. டிவிடியில் ஒரு நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு. சிடியில் நாற்பத்து நாலாயிரத்து நூறு. நல்ல பெட்டிகளுக்கு இரண்டும் தெரியும். இந்தச் சுவர்ப் பெட்டிக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். நாற்பத்தெட்டாயிரம் துண்டைக் கொடுத்தால், நாற்பத்து நாலாயிரத்து நூறு ஆனதுமே ஒரு நொடி முடிந்தது என்று முடிவு கட்டி, மீதியை அடுத்த நொடிக்குத் தள்ளிவிடும். நூறு நொடிப் பாட்டை நூற்று ஒன்பது நொடி பாடும். குரலும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்.

ஆறு வருஷமாக முப்பத்து நாலு பேர் மெதுவாக ஓடிய பாட்டுக்கு ஆடி, மூச்சு வாங்கவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறார்கள். ஆறு வருஷமாக அந்தப் பாடகிக்கு ஜலதோஷம்.

அதாவது திரும்பி வந்த கார்டுதான் சரி. திரும்பி வராமல் இருந்தவைதான் தப்பு. இதைச் சொன்னால் முக்காலி நிலைக்குமா? ஒரு கார்டு திரும்பி வந்தால் எழுந்திருக்கிறேன் என்றாள்; இப்போது ஆறு வருஷக் கார்டுகள் எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து மேசை மேல் உட்கார்ந்துகொள்ளும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இன்ச் டேப். வீட்டுக்கு வருகிற வழியில் இரண்டு தெருவைத் தவறவிட்டாள். மூன்றாவது தெருவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் கொழுந்தனிடம் ரொம்பப் பணிவாகப் பேசினாள். எனக்கு எங்கே தம்பி காது இருக்கிறது, கடிகாரம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வந்து நீங்களே கேட்டுச் சொல்லிவிடுங்கள், இரண்டு கார்டு வைத்திருக்கிறேன், உங்கள் காது சொன்னதற்குக் கட்டுப்படுகிறேன் என்றாள். இப்படி ஓர் அழைப்புக்காகத்தான் அவன் பிறந்ததிலிருந்து காத்திருந்தான். போகும்போது அசல் சிடியையும், அதைப் போடுகிற உங்கள் கைப்பெட்டியையும், அந்தப் பெரிய ஹெட்போனையும் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சேர்த்தாள். எனக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது என்றான். ஆனாலும் எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை கூடத்தில் மூன்று பேர்: அண்ணி, கொழுந்தன், டீச்சர். ஒரு கார்டில் சிவப்பு நகப்பூச்சு, இன்னொன்றில் ஊதா. முதலில் சிவப்பு. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு, கையை மெதுவாகத் தூக்கினான். டீச்சர் தும்மலை அடக்கிக்கொண்டார். சிவப்பில் பாட்டு நிதானமாக, கனத்த குரலில் வந்தது. ஊதாவில் அதே பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. இரண்டையும் இன்னொரு தடவை கேட்டான். பிறகு கண்ணைத் திறந்தான், திரும்பி வரும்போது உலகத்தை மன்னித்துவிட்டவன் மாதிரி.

ஊதாவைத்தான் முதலில் பிடித்தான். இதுதான் அன்றைக்குத் திரும்பி வந்தது, நூற்று இருபத்தெட்டு என்று குரலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே என்றான். பாட்டைப் பிடித்து நசுக்கினால் அது இப்படித்தான் மூச்சு முட்டி ஓடப் பார்க்கும், மூக்கால் பாடும். சிவப்பு அப்படியில்லை.

"அந்தக் குரல்ல ஒரு ஆழம் இருக்கு பாருங்க. இதுதான் அண்ணி அசல். என் சிடிலேருந்து எடுத்து, என் பேச்சைக் கேட்டு முந்நூத்தி இருபதுல போட்டிருக்கீங்க. சரிதானே?"

"உங்க சிடிதானா தம்பி? நல்லாத் தெரியுதா?"

"நூறு தடவை கேட்ட பாட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

அண்ணி ஹெட்போனை எடுத்து இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். சிடியைப் போட்டுக் கேளுங்கள் என்றாள். அவன் மாட்டிக்கொண்டான், பொத்தானை அழுத்தினான். டீச்சரும் அண்ணியும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பெருமைக்குரிய சிடி, அவனுடைய காதுக்குள், துள்ளிக்கொண்டு, மூக்கால் பாடியது. ஊதா மாதிரியே, இம்மி பிசகவில்லை. பாட்டு முடிகிற வரை அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

ஊதாதான் அவன் சிடியிலிருந்து எடுத்தது. சிவப்பு, ஆறு வருஷத்துக்கு முன் படத்தின் டிவிடியிலிருந்து எடுத்தது. இரண்டுமே நூற்று இருபத்தெட்டு என்று அண்ணி சொன்னபோது அவளுடைய குரலில் ஒரு துளி வெற்றி இல்லை. அந்த அளவுக்கு அடக்கிக்கொண்டாள். ஊதாவில் குற்றம் என்றால் அவன் சிடியில் குற்றம். குற்றம் இல்லை என்றால் கார்டு சும்மா திரும்பி வந்தது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. கொழுந்தன் ஹெட்போன் வயரை ரொம்ப அக்கறையாகச் சுற்றினான். சரி அண்ணி, மேசை உங்களுடையதுதான் என்று வயரைப் பார்த்தே சொன்னான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவள் நூத்தி இருபத்தெட்டு இல்லை.

மூன்று பேரும் கடைக்கு நடந்தார்கள். டீச்சருக்கு இன்னும் கார்டு கைக்கு வரவில்லையே. ஞாயிற்றுக்கிழமையும் மேசைக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். மீசைக்காரத் தண்ணி லாரி முதலில். அண்ணி முக்காலியில் உட்கார்ந்ததும் கொழுந்தன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்: "அது சரி அண்ணி. ரெண்டும் ஒரே பாட்டு, ஒரே நூத்தி இருபத்தெட்டு. பின்ன எது தப்பு?"

சிடியே சரியில்லையோ, அண்ணி மாற்றியதில்தான் ஏதோ கெட்டுவிட்டதோ என்று அவன் உள்ளுக்குள் இன்னும் குடைந்துகொண்டிருந்தான். அது அவள் காதில் நன்றாக விழுந்தது. முக்காலி போனாலும் போகட்டும்; தான் சுத்தமாகச் செய்த ஒரு கார்டின் மேல் சந்தேகம் தங்குவதை அவளால் தாங்க முடியாது. கீழ்க் கட்டத்தைத் திறந்து காட்டி, நாற்பத்தெட்டையும் நாற்பத்து நாலையும், கைக்கடிகாரத்தையும் ஐந்து நிமிஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். இந்தக் கார்டு சரி. ஆறு வருஷமாகக் கொடுத்ததுதான் தப்பு. சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஒரு கார்டுன்னு சொன்னேன். கணக்குப் பார்த்தா ஆறு வருஷத்துக் கார்டு. உக்காருங்க தம்பி."

கொழுந்தன் முக்காலியைப் பார்த்தான். அவன் கை தன்னிச்சையாகச் சட்டைப்பைக்குள் இருந்த இன்ச் டேப் வரைக்கும் போனது. அதற்குள் டீச்சர் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டார். மூச்சு வாங்காத முறையின் ரகசியம் அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்திருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சார், நீங்களும்தான். நீதிபதி அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

கொழுந்தன் யோசித்தான். அண்ணி ஏன் எழுந்தாள் என்று சந்து கேட்கும். சொன்னால், எது தப்பு என்று கேட்கும். சிவப்பு தப்பு என்றால், அந்தச் சிவப்பைக் கண்ணை மூடி, கையைத் தூக்கி, ஆழம் இருக்கிறது என்று சொன்னவர் யார் என்று கேட்கும். அதற்குச் சாட்சியாக டீச்சர் பக்கத்திலேயே நின்றார். இதற்கிடையில் தண்ணி லாரிக்காரர் பொறுமை இழந்து கார்டை அவனிடமே நீட்டினார். போன தடவை மாதிரியே வரிசை சரியாக வர வேண்டும், எழுபது பாட்டு, சோகப் பாட்டெல்லாம் கடைசியில் என்றார். கொழுந்தன் அந்தக் கார்டைத் தன் கண்ணாடிக் கடையில் நோயாளியின் கண்ணைப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பின்னால் நின்றவர் கையில், முன்பக்கத்தை ரப்பர் பேண்டால் கட்டிய ஒரு பெட்டி இருந்தது. அதற்குப் பின்னால் வக்கீல்.

"உக்காருங்க அண்ணி," என்றான். "கார்டு ஒண்ணும் திரும்பி வரல."

உள்ளே மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கி, "ம்" என்றார்.

டீச்சர் எந்தக் கார்டைக் கொண்டுபோவது என்று கேட்கவே இல்லை. சிவப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, தப்பு என்று தெரிந்தே ஒரு கார்டை அண்ணி கொடுத்தனுப்பினாள். நோட்டில் புதிதாக ஒரு வரி ஏறியது: "பொதுக்கூடம், சுவர்ப் பெட்டி: நாற்பத்தெட்டு கொடு. ஏன் என்று எழுதாதே."

அடுத்த வாரம் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். வந்தவன் ஒரு ஹெட்போனைத் துடைத்தான், ஸ்குரூ டிரைவர்களை அளவு வாரியாக அடுக்கினான். கடைசியில் ஒரு மெமரி கார்டை மேசை மேல் வைத்து, பார்வையைச் சந்தின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு, காரில் போட்டுக் கேட்கத்தான், அந்தப் பாட்டு, அன்றைக்குச் சிவப்பில் கேட்டோமே அது மாதிரி, அதே ஆழத்தோடு வேண்டும் என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. கார்டை எடுத்துச் செருகினாள், கோப்பைத் தேடினாள், பிறகு நிறுத்திவிட்டாள். அவன் காரில் இருந்த பெட்டி அவன் தேடித் தேடி வாங்கியது. அதற்கு எல்லா எண்ணும் தெரியும்.

"உங்க பெட்டி ரொம்ப நல்ல பெட்டி தம்பி. நாப்பத்தெட்டு கொடுத்தா நாப்பத்தெட்டாவே பாடிடும். அதுல ஆழம் வராது."

கொழுந்தன் மேசை மேல் குனிந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பொதுக்கூடத்துச் சுவரில் இருப்பது மாதிரி ஒரு மட்டமான பெட்டி எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டான்.